பெண்ணியம்னா என்ன? எதிர்க்கிறவரும் ஆதரிக்கிறவரும் இடம் மாறி நின்னு சொல்லுங்க பாப்போம்

தோவாளைப்பூ (இழையைத் தொடங்கியவர்)

எங்க ஊர் கோயில் கொடையில இந்த வருசம் கச்சேரிக்குப் பதிலா பட்டிமன்றம். "பெண்ணியம் குடும்பத்தைக் காக்கிறதா, கலைக்கிறதா". கலைக்கிறது அணி பேசினது பூரா, ரீல்ஸ்ல ஏதோ ஒரு பொண்ணு புருசனைக் கழுவி ஊத்தினதைப் பத்தி. காக்கிறது அணி பேசினது பூரா பாரதியார், கல்பனா சாவ்லா. நடுவர் "இரண்டும் வேண்டும்"னு தீர்ப்பு சொல்லிட்டு பொன்னாடையை மடிச்சி பைக்குள்ள வச்சிட்டுப் போயிட்டாரு. யாரும் யாருக்கும் பதில் சொல்லல்ல.

அதனால இங்க ஒரு விளையாட்டு. விதி இதுதான்: நீங்க பெண்ணியத்தை எதிர்க்கிற ஆளா? அது என்ன சொல்லுதுன்னு எழுதுங்க, ஆனா அதைப் படிக்கிற பெண்ணியவாதி "ஆமா, இதைத்தான் சொல்லுதோம்"னு ஒத்துக்கிடணும். ஆதரிக்கிற ஆளா? எதிர்க்கிறவங்களுக்கு என்ன கவலைன்னு எழுதுங்க, அவங்க படிச்சி "ஆமா, எங்க கவலை இதுதான்"னு சொல்லணும். ஆணாதிக்கவாதி, ஆம்பளைய வெறுக்கிறவ மாதிரி பட்டம் குடுக்கிறவங்க ஆட்டத்துல இருந்து வெளிய.

பறக்கை_பையன்

பாப்கார்ன் எடுத்துட்டு வந்துட்டேன் 🍿

வேளிமலையான்

நானே முதல்ல ஆரம்பிக்கேன். பெண்ணியம்ங்கிறது, எந்தத் தகராறா இருந்தாலும் பொம்பளை சொல்லுததுதான் உண்மைன்னு சட்டத்தையும் போலீசையும் வளைக்கிற இயக்கம். உரிமை வேணும், கடமை வேண்டாம். இது என் வீட்டுல பட்டு அறிஞ்சது. எங்க அண்ணன் மேல 498ஏ, அதான் புருசன் வீட்டார் கொடுமைப்படுத்தினதா வர்ற கேஸ், போட்டாவ. அதுல அண்ணன் மட்டுமா, நடக்க முடியாத எங்க அம்மை பேரும் உண்டு, கல்யாணம் ஆகி வெளிநாட்டுல இருக்க எங்க அக்கா பேரும் உண்டு. கடைசில பேசி முடிச்சி பணம் குடுத்த பொறவுதான் வாபஸ்.

தோவாளைப்பூ

அண்ணே, உங்க வீட்டுக் கஷ்டம் புரியுது. ஆனா விதி முதல் பந்துலயே போச்சு. இதைப் படிச்சி எந்தப் பெண்ணியவாதி "ஆமா, இதான் எங்க கொள்கை"ன்னு கையெழுத்துப் போடுவா?

குழித்துறை_வாவுபலி

கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேளிமலையான் செய்தது புதிதல்ல. எதிரிகள் கொடுக்கும் வரையறைக்கு உலகப் புகழ்பெற்ற மாதிரி ஒன்று இருக்கிறது. 1992இல் அமெரிக்காவில் அயோவா மாநில அரசமைப்பில் ஆண் பெண் சமத்துவத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. அதை எதிர்க்க நிதி கேட்டு, தொலைக்காட்சிப் போதகர் பாட் ராபர்ட்சன் பெயரில் ஒரு கடிதம் போனது. பெண்ணியம் என்பது பெண்களைக் கணவனை விட்டு ஓடச் சொல்கிறது, குழந்தைகளைக் கொல்லச் சொல்கிறது, சூனியம் செய்யச் சொல்கிறது, முதலாளித்துவத்தை அழிக்கச் சொல்கிறது, லெஸ்பியனாகச் சொல்கிறது என்று அதில் பட்டியல். வாக்குச்சீட்டில் இருந்ததோ, பாலினத்தைக் காரணம் காட்டிச் சட்டம் யாருக்கும் உரிமையை மறுக்கக் கூடாது என்பது மட்டும்தான். திருத்தம் தோற்றுப்போனது.

ஆதரவாளர்கள் பக்கம், அமெரிக்கக் கறுப்பினப் பெண்ணிய எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் சொன்ன வரையறைதான் எனக்குப் பிடித்தது: பாலினப் பாகுபாட்டையும் அதன் பேரால் நடக்கும் சுரண்டலையும் ஒடுக்குமுறையையும் முடித்துவைக்கும் இயக்கம். இதில் ஆண் எதிரி இல்லை. பாகுபாடுதான் எதிரி. அதைத் தூக்கிப் பிடிக்கிற பெண்ணும் அதற்குள் அடக்கம்.

நாஞ்சில்_கிழவன்

டீச்சரம்மா, நீங்களும் விதியை மீறியாச்சு. எதிர்க்கிறவங்க கவலை என்னன்னு எழுதச் சொன்னா, அவங்கள்ல இருக்கதுலயே கோமாளியா ஒருத்தரைப் புடிச்சிட்டு வந்து நிறுத்துதீங்க. வேளிமலையான் அவங்க அண்ணன் கேஸைக் கொண்டு வந்தாரு, நீங்க அமெரிக்கப் போதகரைக் கொண்டு வந்தீங்க. என்ன வித்தியாசம்வே?

குழித்துறை_வாவுபலி

வித்தியாசம் உண்டு ஐயா. அந்தப் போதகர் அப்போது நாடறிந்த தலைவர், 1988இல் அதிபர் வேட்பாளராகக் குடியரசுக் கட்சிக்குள் போட்டியிட்டவர். தெருவில் போகிற யாரோ அல்ல. ஆனாலும் விளையாட்டு விதிப்படி எழுதுகிறேன், வேளிமலையான் சரிபார்க்கட்டும்.

எதிர்க்கிறவர்களில் ஒரு சாரார் சமத்துவத்தையே எதிர்ப்பதில்லை. "சட்டத்தின் முன் சமம், படிப்பில் சமம், சொத்தில் சமம், அதுவரை நாங்களும் உங்களோடு. அதற்கு மேல் போய், குடும்பம் என்ற அமைப்பே ஒடுக்குமுறை, ஆணாகப் பிறந்தவன் எல்லாம் அதன் பங்காளி என்று சொல்லும்போதுதான் விலகுகிறோம்" என்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ்டினா ஹாஃப் சோமர்ஸ் 1994இல் எழுதிய நூலில் இந்தக் கோட்டைத்தான் கிழித்தார். நம் நாட்டில் 'மானுஷி' இதழை நடத்திய மது கிஷ்வர் 1990இல், தன்னை ஏன் பெண்ணியவாதி என்று அழைத்துக்கொள்வதில்லை என்று கட்டுரையே எழுதினார். பெண்களுக்காக அவ்வளவு காலம் உழைத்தவர், மேற்கிலிருந்து வரும் அடைமொழி தனக்கு வேண்டாம் என்றார். இன்னொரு கவலை: தனி மனிதர் செய்த தப்புக்கு ஆண் இனத்தையே குற்றவாளி ஆக்குவது.

வேளிமலையான், சரியா?

வேளிமலையான்

கடைசி ரெண்டு வரி சரி. மிச்சம் எல்லாம் படிச்சவங்க சண்டை. ஆனா ஒண்ணு சொல்லணும், இதுவரைக்கும் என் பக்கத்தை இவ்வளவு மரியாதையா யாரும் எழுதினது இல்ல.

பறக்கை_பையன்

அய்யய்யோ சண்டை வராது போலயே. பாப்கார்ன் வேஸ்ட்.

கடியபட்டணம்_கடல்

ஓசி பாப்கார்ன் தின்ன வந்த தம்பி கொஞ்சம் இருங்க, நான் இருக்கேன்.

டீச்சர் சொன்ன வரையறை நல்லா இருக்கு. அதான் எனக்கு சந்தேகமே. "பாகுபாட்டை ஒழிக்கணும்"னா யாரு வேண்டாம்பா? சர்ச் பங்குப் பேரவையில எழுந்து கேட்டுப் பாருங்க, அத்தனை ஆம்பளையும் கை தூக்குவான். அடுத்த நிமிசம் "அப்போ பேரவைத் துணைத்தலைவர் பதவிக்கு ஒரு பெண் நிக்கட்டுமா"ன்னா, தூக்கின கையெல்லாம் தலையைச் சொறியும். யாரும் மறுக்க முடியாத அளவுக்கு விரிச்ச வரையறையை வச்சி என்ன பண்ண? எதிர்க்கிறவன் ஒரு மோசமான ஆளைக் காட்டி பெண்ணியத்தைச் சின்னதாக்குறான். நாம நல்ல நல்ல வார்த்தையா சேத்து அதை ஊதிப் பெருசாக்குறோம். ரெண்டு பக்கமும் தப்பிக்கிற வழிதான்.

இன்னொண்ணும் உண்டு. நாம சண்டை நல்லா போற நேரத்துல "பெண்ணியம்னா குடும்பம், மதம், எல்லாத்தையும் கேள்வி கேக்குறது"ம்போம். யாராவது திருப்பி அடிச்சா உடனே "அய்யோ, சமத்துவம் மட்டும்தானே கேட்டோம்"னு ஓடி ஒளிவோம். எதிர்க்கிறவங்க நம்மை நம்பாததுக்கு இதுவும் ஒரு காரணம்.

குழித்துறை_வாவுபலி

ஏற்கிறேன், ஆனால் பாதி. எல்லா இயக்கத்திலும் அகன்ற கொள்கை ஒன்று, அன்றைய கோரிக்கை ஒன்று என்று இரண்டும் இருக்கும். விடுதலைப் போராட்டத்தில் சுயராஜ்யமும் இருந்தது, உப்பு வரியும் இருந்தது.

வேளிமலையான்

சரி, நான் நேராவே கேக்கேன். சமத்துவம்னு சொல்லிட்டு கடைசில எல்லாம் உடுப்புல வந்துதானே நிக்குது? துப்பட்டா போட மாட்டேன், அது என் உரிமை, இது என் உரிமை. டிவில எந்த விவாதம் பாத்தாலும் இதான். நம்ம ஊரு பண்பாட்டுக்கு ஒத்து வராத விசயத்தை வெளிய இருந்து இறக்குமதி பண்ணுதாவ.

நாஞ்சில்_கிழவன்

வேளிமலையான், நீரு கன்னியாகுமரி மாவட்டத்துல இருந்துட்டா உடுப்பைப் பத்திப் பேசுதீரு? நம்ம மண்ணுல நடந்த பெரிய சண்டையே உடுப்புக்காகத்தான். அதுவும் கழட்டுததுக்கு இல்ல, போடுததுக்கு.

தோள்சீலைக் கலகம். சின்னப் பிள்ளைய படிக்கட்டும்னு சொல்லுதேன். நாடார் பெண்கள் மேல்சீலை போடக் கூடாதுன்னு திருவிதாங்கூர்ல வழக்கம். கர்னல் மன்றோ திவானா இருந்த காலத்துல, கிறிஸ்தவம் தழுவின பெண்கள் குப்பாயம் (ரவிக்கை மாதிரி சட்டை) போட்டுக்கிடலாம்னு உத்தரவு வந்துது. ஆனா மேல்சாதிப் பெண்கள் மாதிரி தோள்ல சீலை இடப்படாது. இவிய கேக்கல்ல, சீலையும் போட்டாவ. சந்தையில வச்சி கிழிச்சாங்க. 1820கள்ல ஒரு சுற்று, 1858, 59ல மறு சுற்று, நாகர்கோவிலைச் சுத்தி வீடுகளும் பள்ளிக்கூடங்களும் எரிஞ்சுது. கடைசில சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கினதால 1859 ஜூலைல உத்திரம் திருநாள் மகாராசா அறிக்கை விட்டாரு. அதுலயும் பாருங்க, நாடார் பெண்கள் எப்படி வேணும்னாலும் மாரை மறைக்கலாம், ஆனா மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் கூடாது!

ஆக, எது உடுத்தணும்னு வேற எவனாவது முடிவு பண்ணுததுதான் சிக்கல். துணி கூடுதலா குறைவாங்கிறது இல்ல.

வேளிமலையான்

அது சாதிப் பிரச்சினை ஐயா. பெண்ணியம் இல்ல. எங்க பாட்டன்மாரும் சேந்துதான் அடி வாங்கினாவ.

அண்டியாபீஸ்_மகள்

அண்ணே, கிழிச்சது யாரு சீலையை?

வேளிமலையான்

மக்ளே, நான் இல்லேன்னு சொல்லல்ல. ஆனா அந்த அம்மமாரு தன் சாதிக்காக நின்னாவ. புருசனுக்கு எதிரா நிக்கல்ல. நீங்க இன்னைக்குச் சொல்லுத பெண்ணியத்துக்கு அவியள ஆள் சேக்காதீங்க.

குழித்துறை_வாவுபலி

இது நல்ல கேள்வி. ஆய்வாளர்களுக்குள்ளேயும் இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. மிஷனரிகள் இதை "நாணம்" என்ற கணக்கில் எழுதினார்கள். சமூக வரலாற்றுக்காரர்கள் சாதிக் கணக்கில் எழுதினார்கள். பெண்ணியவாதிகள் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். சந்தைக்குப் போய் அடி வாங்கிய பெண் என்ன நினைத்தாள் என்பதை அவள் எழுத்தில் படிக்க நமக்கு வழியில்லை. இப்போதும் இதைத் தொட்டால் சுடுகிறது. சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் இந்தப் போராட்டம் வந்த பகுதியைத் தேர்வுக்கு வேண்டாம் என்று 2016 இறுதியில் நீக்கினார்கள்.

என் பார்வை: சாதிக்காக நின்றால் பெண்ணியம் இல்லை, கணவனை எதிர்த்தால்தான் பெண்ணியம் என்பது எதிர்ப்பவர்கள் போட்ட வேலி. அந்த வேலிக்குள் நாம் ஏன் நிற்க வேண்டும்?

தோவாளைப்பூ

கொஞ்சம் சேத்துக்கிடுதேன். சாமிதோப்புல ஐயா வைகுண்டர் ஆம்பளையளை தலைப்பா கட்டிட்டு வரச் சொன்னதும் அதே காலம்தான். உடம்புல துணி எங்க இருக்கணும்ங்கிறது அப்போ ரெண்டு பேருக்குமே அரசியல். சரி, வேற ஆளுங்க வாங்க.

அண்டியாபீஸ்_மகள்

நான் மார்த்தாண்டம் பக்கம். எங்க அம்மை கல்யாணத்துக்கு முந்தியே அண்டியாபீஸ் போனவ, இப்பவும் போறா. வெளியூர்க்காரங்களுக்காக: முந்திரித் தொழிற்சாலை. கொட்டை வறுத்து வந்த பொறவு தல்லணும் (தட்டி உடைக்கணும்), அதுல இருந்து பருப்பை உடையாம எடுக்கணும். அந்தத் தோட்டுல ஒரு எண்ணெய் உண்டு, கையில பட்டா வெந்துரும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு தல்லுவாவ. எங்க அம்மை பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எப்பவும் கருப்புதான், நுனித் தோல் உரிஞ்சி உரிஞ்சி ஆதார் கைரேகை விழாது. ரேஷன் கடையில மெசின் எடுக்காம ஒவ்வொரு மாசமும் சண்டை.

எதுக்குச் சொல்லுதேன்னா, "பெண்கள் வீட்டை விட்டு வெளிய வேலைக்கு வரணும், அதான் விடுதலை"ன்னு ஒரு பெண்ணியம் பேசுவாங்க பாருங்க, எங்க அம்மைக்கு அது சிரிப்புதான் வரும். வேலைக்குப் போய்ப் போய்த்தான் இடுப்பு போச்சு. அதே நேரம் வேளிமலையான் அண்ணன் மாதிரி ஆளுங்க "பெண்ணியம் குடும்பத்தைக் கலைக்குது"ன்னு சொல்லும்போதும் சிரிப்புதான் வரும். எங்க குடும்பத்தைக் கலையாம வச்சிருக்கது அந்தக் கிலோ கணக்குக் கூலி.

கூலியிலயும் ஒரு சூத்திரம் உண்டு. நான் பாத்த ஆபீஸ்ல பெண்கள் தல்லுதது, தொலி உரிக்கிற பீலிங், தரம் பிரிக்கிற கிரேடிங். எல்லாம் எடை கணக்கு, நாள் கணக்கு கிடையாது. ஆம்பளையளுக்கு வறுக்கிறது, சாக்கு தூக்குறது. அவங்களுக்கு நாள் சம்பளம். சம வேலைக்குச் சம கூலின்னு 1976லயே சட்டம் வந்தாச்சு. ஆனா வேலையையே ரெண்டாப் பிரிச்சி வச்சிட்டா "சம வேலை"ங்கிற பேச்சு எங்க வரும்? இதைப் பத்தி எந்த வரையறையிலயும் வரி இல்ல.

குழித்துறை_வாவுபலி

தங்கை, நீ சொன்னதைத்தான் பெல் ஹூக்ஸ் 1984இல் சொன்னார். அமெரிக்கப் பெண்ணியவாதி பெட்டி ஃபிரீடன் 1963இல் எழுதிய புத்தகத்தில், வீட்டுக்குள் அடைந்து சலித்துப்போன படித்த நடுத்தர வர்க்கப் பெண்ணின் சிக்கலைப் பெண்ணின் சிக்கலாகவே வைத்தார். கறுப்பினப் பெண்களும் ஏழை வெள்ளைப் பெண்களும் எப்போதும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், இந்த அம்மாக்கள் வேலைக்குக் கிளம்பினால் அவர்கள் வீட்டுப் பிள்ளையைப் பார்க்கப் போவது யார் என்று ஹூக்ஸ் கேட்டார். பெண்ணியத்துக்கு வந்த கூர்மையான விமர்சனங்களில் பல, பெண்ணியத்துக்கு உள்ளேயிருந்துதான் வந்திருக்கின்றன. வெளியிலிருந்து எதிர்ப்பவர்களுக்கு அது தெரிவதில்லை, ஏனென்றால் படிப்பதில்லை.

வேளிமலையான்

கடைசி வரி தேவையா டீச்சர்?

குழித்துறை_வாவுபலி

தேவைதான். 🙂

நாஞ்சில்_கிழவன்

"நம்ம ஊர்ல பெண்ணியம் தேவையே இல்ல, இங்க பெண்ணுக்குத்தான் சொத்தே"ன்னு சிலவங்க பெருமையடிப்பாங்க. மருமக்கள்வழியைச் சொல்லுதாங்க. அதையும் உடைச்சிட்டுப் போறேன். நாஞ்சில் நாட்டு வேளாளர்ல அந்தக் காலத்துல சொத்து பெண் வழியாப் போகும், உண்மை. ஆனா சாவிக்கொத்து யாரு இடுப்புல? காரணவன், அதான் குடும்பத்தை ஆளுத தாய்மாமன், இடுப்புல. அவன் சொத்து அவன் பிள்ளையளுக்குப் போகாது, அக்கா தங்கச்சி மக்களுக்குப் போகும். கட்டினவ நிலைமை என்ன ஆகும்? கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' எழுதினது அதுக்குத்தான், அஞ்சாவதா வாக்கப்பட்ட ஒரு பெண் தன் வாயால புலம்புத மாதிரி. அப்புறம் 1926ல நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து பெத்த மக்களுக்குப் பங்கு வந்துது.

சொத்து பெண் பேர்ல ஓடினா போதாது, வித்துக்கிடவும் எழுதிக்கிடவும் அவளுக்கு அதிகாரம் வேணும். இதை வரையறையில சேத்துக்கிடுங்க.

பத்திரம்_தக்கலை

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப வருசமா பத்திரம் எழுதுத ஆளு நான். கொள்கை எனக்குத் தெரியாது. ஆனா பெண்ணியத்தை யார் எப்படி வரையறுக்காங்கன்னு என் மேசைக்கு முன்னால நிக்கும்போது தெரிஞ்சிரும்.

அப்பன் செத்து பதினாறு அடியந்திரம் முடிஞ்ச கையோட அண்ணன் தம்பி வருவாங்க, பின்னால அக்கா தங்கச்சிமாரு. விடுதலைப் பத்திரம். "எனக்குக் கல்யாணத்துக்கு வேண்டியது தந்தாச்சு, இனி சொத்துல பாத்தியதை இல்ல"ன்னு எழுதிக் குடுக்கணும். பணம் வாங்கினதா ஒரு தொகை காட்டுவோம், பல நேரம் அது பத்திரத்துல மட்டும்தான் இருக்கும். வாசிச்சிக் காட்டும்போது ஒரு பெண்ணும் என் முகத்தைப் பாக்க மாட்டா, அண்ணன் முகத்தைத்தான் பாப்பா. எதிர்க்கிற ஆளுவளும் வருவாவ, மேடையில பெண் விடுதலை பேசுத ஆளுவளும் வருவாவ. பத்திரம் ரெண்டு பேருக்கும் ஒரே வாசகம்தான்.

சட்டம் தெரியாதவங்களுக்காக. 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுலயே பெண்ணுக்கு ஆணுக்குச் சமமா சொத்துன்னு தீர்மானம் போட்டாச்சு. தமிழ்நாட்டுல சட்டமா வந்தது 1989ல, அதுலயும் முந்தியே கல்யாணம் ஆன பெண்களுக்குக் கிடையாது. 2005ல மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேலியை எடுத்துது. 2020ல வினீதா சர்மா வழக்குல, 2005ல அப்பா உயிரோட இல்லாட்டாலும் மகளுக்குப் பங்கு உண்டுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிட்டு. இது இந்துக்களுக்கு, பூர்வீகச் சொத்துக்கு.

நம்ம மாவட்டத்துல கிறிஸ்தவங்க கதை தனி. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர் பக்கம்லா. அங்க 1916ல போட்ட கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்துல, மகனுக்குக் கிடைக்கிறதுல கால் பங்கு இல்லேன்னா ஐயாயிரம் ரூபா, எது குறைவோ அதுதான் மகளுக்கு. கல்யாணத்துக்கு ஸ்ரீதனம் (சீதனம்) வாங்கியிருந்தா அதுவும் இல்ல. சில பிரிவுகளுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாட்டோட சேந்த பொறவும் இந்தச் சட்டம் நமக்கு ஓடுமா ஓடாதான்னு 1970கள்ல சென்னை உயர் நீதிமன்றத்துலயே ஒண்ணுக்கொண்ணு மாறி தீர்ப்பு. 1986ல மேரி ராய் வழக்குலதான் உச்ச நீதிமன்றம் முடிச்சி வச்சிது, 1951ல இருந்தே இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான், மகனுக்கும் மகளுக்கும் சமம்னு. ஆனா தீர்ப்பு வந்த பொறவு என்ன நடந்துது? அப்பன்மாரு உயில் எழுத ஓடி வந்தாவ. சுயசம்பாத்தியத்தை யாருக்கு வேணும்னாலும் எழுதலாம், அதைத் தடுக்க முடியாது.

படிப்புல தமிழ்நாட்டுலயே முதல் மாவட்டம், 2011 கணக்குல 91.75 சதவீதம். ஆயிரம் ஆணுக்கு 1019 பெண். 1957லயே கொளச்சல்ல இருந்து லூர்தம்மாள் சைமன் ஜெயிச்சி காமராசர் மந்திரிசபையில உக்காந்தாவ. ஆனா கல்யாணப் பேச்சுல முதல் கேள்வி இப்பவும் "எத்தனை பவுன், காரா, ரொக்கமா". நான் எழுதுத விடுதலைப் பத்திரமும் குறையல்ல.

கடியபட்டணம்_கடல்

அண்ணாச்சி சொன்னதுல இருந்தே ஆட்டத்தை மாத்துவோம். வரையறை வேண்டாம். ஆதரிக்கிற ஆளும் எதிர்க்கிற ஆளும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: உங்க வீட்டுல அக்கா தங்கச்சிக்குச் சரிபாதி எழுதுவீங்களா?

பறக்கை_பையன்

என்கிட்ட சொத்தே இல்லக்கா, அப்பாவோட பழைய ஸ்பிளெண்டர் மட்டும்தான். அது தங்கச்சிக்கே.

வேளிமலையான்

நான் ஓடி ஒளியுத ஆள் இல்ல. எழுதுவேன். ஆனா மூணு விசயம் சேத்து எழுதணும். கல்யாணத்துக்குக் குடுத்த பவுனைக் கணக்குல வைக்கணும். அப்பா அம்மை ஆஸ்பத்திரிச் செலவுல பாதி அவளும் ஏக்கணும். அண்ணன் மேல கேஸ் வந்த மாதிரி ஒரு கேஸ் வந்தா, முகாந்திரம் இருக்கான்னு விசாரிச்சிட்டுக் கை வைக்கணும். இதைப் பெண்ணியம்னு சொன்னா நானும் பெண்ணியவாதிதான், எழுதிக்கோங்க.

குழித்துறை_வாவுபலி

மூன்றாவது ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 498ஏ புகார் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை முதல் அந்த 498ஏ, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு. உங்கள் அம்மா பெயரைச் சேர்த்தது அநியாயமாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவு 1983இல் எதற்கு வந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அடுப்பு வெடித்தது, சேலை பற்றியது என்று வட இந்தியாவில் மருமகள்கள் வரிசையாக எரிந்த காலம் அது.

அண்டியாபீஸ்_மகள்

முதல் ரெண்டுக்கு நான் சொல்லுதேன் அண்ணே. பவுனைக் கணக்குல வைங்க, சம்மதம். ஆனா அந்தப் பவுன் இப்ப யாருகிட்ட இருக்குன்னும் கணக்குல வைங்க. பாதி பேருக்கு அது மாப்பிளை வீட்டுக் கடனுக்கும் நாத்தனார் கல்யாணத்துக்கும் போயாச்சு. அவ கைக்கு வராத பவுனை அவ பங்குல கழிக்கிறது எந்த நியாயம்?

ஆஸ்பத்திரிச் செலவுல பாதி, அதுவும் சம்மதம். அப்போ பெட்பான் எடுத்தது, ராத்திரி முழிச்சது, கஞ்சி ஊட்டினது இதுக்கும் ரேட் போடுங்க. எங்க மாமா படுக்கையில கிடந்தப்போ மகன்மாரு பில் கட்டினாவ, பக்கத்துல கிடந்தது அத்தையும் மகளும். பில் மட்டும்தான் "செலவு"ன்னு எழுதினாவ.

வேளிமலையான்

அதுக்கெல்லாம் எப்படிம்மா ரேட் போடுறது? பாசத்துக்கு விலையா?

கடியபட்டணம்_கடல்

ஹோம் நர்ஸ் வச்சா மாசம் என்ன கேக்காவன்னு விசாரிச்சுப் பாருங்க. விலை ஏற்கெனவே இருக்கு. மகள் பாத்தா மட்டும் பாசம்.

எங்க கடற்கரையிலயும் இதே கதைதான். கடலுக்குப் போறது தொழில். கரையில மீனை வாங்கி, ஐஸ் போட்டு, சருவத்தைத் தலையில வச்சி ஊர் ஊரா வித்து, வட்டிக்காரனுக்குப் பதில் சொல்லுதது "உதவி". ஒக்கி புயல் வந்த 2017ல எத்தனை பேரு திரும்பல்ல, தெரியும்லா. அதுக்குப் பொறவு வீட்டுக் கடன், வள்ளத்துக் கடன் எல்லாம் அந்தப் பெண்கள் தலையில. உதவிக்கு நின்னவ ஒரே நாள்ல கடனாளி ஆயிட்டா.

மட்டுறுத்துநர்

ஒரு பயனர் எழுதிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன (தனிநபர் தாக்குதல், சாதிப் பெயர் சொல்லித் திட்டியது). மற்றவர்கள் தொடரலாம்.

நாஞ்சில்_கிழவன்

யாரு என்ன எழுதினான்னு தெரியல்ல, ஆனா வேளிமலையான் இவ்வளவு நேரம் நின்னு பதில் சொன்னாரு பாருங்க, அதுக்காக அவருக்கு ஒரு சாயா என் கணக்குல.

வேளிமலையான்

சாயா குடிக்கலாம் ஐயா. ஆனா "பாசத்துக்கு விலை"ங்கதுல நான் ஒத்துக்கிடல்ல. இப்படி ஒவ்வொண்ணா விலை போட்டுட்டுப் போனா, நாளைக்கு சோறு போட்டதுக்கும் பில் வரும். அதைத்தான் குடும்பம் கலையுததுன்னு நாங்க சொல்லுதோம்.

அண்டியாபீஸ்_மகள்

இப்பதான் அண்ணே விளையாட்டு விதிப்படி சொன்னீங்க. இதான் உங்க உண்மையான கவலைன்னா, இதோட நான் பேசத் தயார். ரீல்ஸ் பொண்ணோட பேச முடியாது.

என் பதில்: விலை போடச் சொல்லல்ல. பங்கு பிரிக்கும்போது அதையும் கணக்குன்னு ஒத்துக்கிடச் சொல்லுதேன். ரெண்டும் வேற.

வேளிமலையான்

வேறயா இல்லையான்னு யோசிக்கணும். உடனே ஆமா போட மாட்டேன்.

புதுமுகம்_அருமனை

இந்த இழையை முழுசாப் படிச்சேன். பத்திரம் அண்ணாச்சிகிட்ட ஒரு கேள்வி, தலைப்புக்கு வெளிய இருந்தா மன்னிக்கணும். எங்க அம்மை கூடப்பிறந்த ஆளுங்க தாத்தா சொத்தைப் பிரிச்சிட்டாங்க. அம்மை எங்கயும் கையெழுத்துப் போடல்ல, "எனக்கு வேண்டாம்"னு வாயால சொன்னது மட்டும்தான். பெரியம்மை ஒரு விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருக்கா, ஆனா அது என்னன்னு அப்போ வாசிச்சிச் சொல்லல்லங்கா. இனி ஏதாவது செய்ய முடியுமா?

பத்திரம்_தக்கலை

அம்மை விசயம் வேற, பெரியம்மை விசயம் வேற மக்ளே.

வாயால வேண்டாம்னு சொன்னா பாத்தியதை போகாது. நிலத்துல உள்ள பங்கை விடணும்னா பதிவு பண்ணின பத்திரம் வேணும். ஆனா மாமாமாரு எப்போ பிரிச்சாங்கன்னு பாக்கணும். 2004 டிசம்பர் 20க்கு முந்தி பதிவு செஞ்ச பாகப்பிரிவினையா இருந்தா 2005 திருத்தத்தை வச்சி அதைத் திறக்க முடியாது. அதுக்காக விட்டுரவும் வேண்டாம். தாத்தா உயில் எழுதாம செத்திருந்தா, அவரு பங்குல மகளுக்கு வாரிசுன்னு தனியா உரிமை உண்டு. நீங்க கிறிஸ்தவங்கன்னா கணக்கே வேற, மேல எழுதியிருக்கேன்.

பெரியம்மை கையெழுத்து போட்டது பதிவான பத்திரம். ஏமாத்தி வாங்கினதுன்னு சொல்லி ரத்து கேக்கலாம், ஆனா விசயம் தெரிய வந்ததுல இருந்து மூணு வருசத்துக்குள்ள கோர்ட்டுக்குப் போகணும். எப்போ தெரிஞ்சுதுன்னு நிரூபிக்கிறதுதான் கஷ்டம்.

முதல்ல சர்வே நம்பரை எடுத்து வில்லங்கச் சான்று போடுங்க, ஆன்லைன்லயே கிடைக்கும். அதுல வர்ற ஒவ்வொரு பத்திரத்துக்கும் சார்பதிவாளர் ஆபீஸ்ல நகல் மனு குடுங்க. பெரியம்மை போட்ட பத்திரத்தோட நகலும் அதுல கிடைக்கும். எல்லாம் கையில வந்த பொறவு நல்ல சிவில் வக்கீல் ஒருத்தரைப் பாருங்க. அதுவரைக்கும் மாமாமாரு புதுசா எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அம்மை கையெழுத்துப் போட வேண்டாம்.

புதுமுகம்_அருமனை

நன்றி அண்ணாச்சி. சர்வே நம்பர் தாத்தா காலத்து கரம் (நிலவரி) ரசீதுல இருக்கு, அதுல பழைய நம்பர். அதை வச்சிப் போட்டா வருமா?

பத்திரம்_தக்கலை

பழைய நம்பரை மட்டும் வச்சிப் போட்டா போதாது. வில்லேஜ் ஆபீஸ்ல புது நம்பர் கேளுங்க, தருவாங்க.